பாவாடை வரைந்து கொடுத்த பதினொரு கல்வீடுகள்

கச்சிராயபாளையத்தில் பாவாடை என்று சொன்னால் எந்தப் பாவாடை என்று திருப்பிக் கேட்பார்கள். குலசாமி பெயர் என்பதால் அந்தப் பக்கத்து ஆண்களில் ஏழெட்டுப் பேருக்கு அதே பெயர். ஜேசிபி பாவாடை என்றால் மட்டும் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கோமுகி அணைக்குப் போகிற சாலையில், புளியமரத்தடியில் மஞ்சள் நிறம் வெளுத்துப்போன வண்டி ஒன்று நிற்கும் வீட்டைக் கைகாட்டி விடுவார்கள்.

அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிற கூலிகள். சொந்தமென்று ஒரு குழி நிலம் கிடையாது. பாவாடை எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டார். கர்நாடகாவில் ரோடு போடுகிற இடத்துக்கு மண் சுமக்கப் போனவர், சாப்பாட்டு நேரத்தில் நிற்கும் வண்டியில் ஏறி உட்கார்ந்து நெம்புகோலை அசைத்துப் பார்த்து, ஆறு வருடம் கழித்து ஆபரேட்டராக ஊர் திரும்பினார். காசியம்மாளைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் பதினைந்து வருடம் உழைத்துச் சேர்த்ததில் ஒரு பழைய வண்டியைச் சொந்தமாக வாங்கினார்கள். முதல் நாள் சாவி கைக்கு வந்தபோது, 'நம்ம வம்சத்தில் முதல் தடவையாக ஒருத்தன் உட்கார்ந்து வேலை செய்யப் போகிறான்' என்று நினைத்து அவருக்குக் கண் கலங்கியது. அந்த வண்டிக்கு அவர் நன்றி சொல்லாத வெள்ளிக்கிழமை இல்லை.

வண்டி வாங்கிய மறு வருடம், 2015 மாசி மாதம், கரியாலூரைத் தாண்டி ஒரு மலைக் கிராமத்திலிருந்து சின்னப்பையன் என்பவர் ஆள் அனுப்பியிருந்தார். மூன்று ஏக்கர் கொல்லை. காலகாலமாகச் சாமை விதைத்து வந்தவர், மரவள்ளிக்கு மாற நினைத்தார். கொல்லையின் நடுவே பலகை பலகையாகக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடிபோல் வைத்த அறைகள் இருந்தன. ஆள் குனிந்தால்தான் உள்ளே பார்க்க முடியும்.

"குள்ளருங்க கட்டுன வூடுன்னு எங்க தாத்தன் சொல்லுவாரு," என்றார் சின்னப்பையன். "பாதிக் கொல்லைய இதான் அடைச்சிக்கினு கெடக்குது. சாமைய வெச்சி வவுத்தக் கழுவலாம், புள்ளைங்கள படிக்க வெக்க முடியாது பாவாடையண்ணே. ஒரு கற்பூரத்த ஏத்திட்டு எடுத்து வுட்டுடு."

கற்பூரம் ஏற்றினார்கள். மூன்று நாள் வேலை. பதினொரு வீடுகளையும் பெயர்த்து, கற்களைக் கொல்லைக்குக் கீழே ஓடையோரமாகத் தள்ளினார். ஏழாவது வீட்டின் மூடிக்கல் மட்டும் அசையவில்லை. மூன்று தடவை பக்கெட்டைக் கொடுத்துப் பார்த்தும் வண்டியின் முன் சக்கரம்தான் தூக்கியது. இறங்கிப்போய் உள்ளே எட்டிப் பார்த்தார். நிறுத்திய கல்லில் வட்டமாக ஒரு ஓட்டை. அதன் வழியாக விழுந்த வெளிச்சத்தில் நீளமான மண்தொட்டி ஒன்று தெரிந்தது. தொட்டிக்கு அடியில் வரிசையாகக் கால்கள். ஏதோ ஒரு பிராணி படுத்திருப்பது போலிருந்தது. பாவாடை கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றார். பிறகு வண்டியில் ஏறினார். கல் பெயர்ந்தபோது தொட்டி நொறுங்கிய சத்தம் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தார். ஆனால் மறக்கவும் இல்லை.

ஏழெட்டு வருடம் போயிற்று. 2022 கடைசியில் மலைமேல் ஒரு பண்ணைக்குட்டை வெட்டிக்கொண்டிருந்தார். தோளில் பையும் கையில் நோட்டுமாக ஒரு பெண் வரப்பில் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். பெயர் செந்தமிழ்ச்செல்வி, கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவர். நிரந்தர வேலை இல்லை, வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். நான்கு பலகைக் கல், மேலே ஒரு மூடிக்கல்.

"அண்ணா, மலையெல்லாம் வண்டி ஓட்டுறீங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்தவங்களுக்குக் கட்டுன கல்வீடு இது. இந்த மாதிரி எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்களே மேடம்," என்றார் பாவாடை.

அவர் நன்றி சொல்லிவிட்டு நடந்தார். பஸ் ஏறுவதற்கு அங்கிருந்து நாலு கிலோமீட்டர். அந்த வெயிலில் குடைகூட இல்லாமல் போகிற முதுகைப் பாவாடை பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்று சாயங்காலம் காசியம்மாள் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"இன்னாய்யா, பெசஞ்சிக்கினே குந்திக்கினு கீற? கொழம்பு நல்லால்லியா?"

பாவாடை சொன்னார். கல்வீடுகள், தொட்டி, அந்த மேடம் எல்லாவற்றையும் சொன்னார். காசியம்மாள் குழம்புச் சட்டியை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப உனக்குத் தெரியாது, இடிச்சிட்ட. வேல குடுத்தாங்க, செஞ்ச. ஆனா இன்னிக்கி அந்தம்மாகிட்ட எதுக்குப் பொய் சொன்ன?"

"போலீசு கேசுன்னு ஆயிட்டா? வண்டிய புடிச்சிக்கினு பூட்டா இன்னா பண்றது?"

"பூட்டா போவட்டும். கையி காலு நல்லாத்தான கீது? கரும்பு வெட்டலாம். போயி சொல்லிட்டு வா. இல்லைன்னா இந்தக் கொழம்பு இன்னும் பத்து நாளிக்கு உனக்கு நல்லா இருக்காது."

ஞாயிற்றுக்கிழமை காலையில் டவுன் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சி போனார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் செந்தமிழ்ச்செல்வி குடியிருந்தார். மலையில் ஒரு டீக்கடையில் அவர் விட்டுப்போயிருந்த நம்பரை வைத்துக் கண்டுபிடித்துப் போய்ச் சேர்ந்தார். சலவை செய்த சட்டை போட்டிருந்தும், கோர்ட்டுக்கு வந்தவர்போல் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"அன்னிக்கி இல்லைன்னு சொன்னது பொய்யிங்க மேடம். பதினொரு வூடு. நான்தான் இடிச்சேன். எங்கன்னு காட்டுறேன். இன்னா பண்ணனுமோ பண்ணுங்க."

செந்தமிழ்ச்செல்வி உள்ளே போய்விட்டார். சமையலறையில் குழாய் ஓடுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. கிளம்பிவிடலாமா என்று பாவாடை திரும்பியபோது அவர் திரும்பி வந்தார். முகம் கழுவியிருந்தார், ஆனாலும் கண் சிவந்திருந்தது. ஒரு சொம்புத் தண்ணீரை அவரிடம் கொடுத்துவிட்டு, மேசைமேல் பெரிய தாள் ஒன்றை விரித்தார். பென்சிலை நீட்டினார்.

"வாசல் எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சுண்ணா?"

பாவாடைக்கு முதலில் புரியவில்லை. திட்டப்போகிறார் என்று காத்திருந்த காதில் கேள்வி ஏறவில்லை. அவர் மறுபடி கேட்டார்.

"எல்லாம் கெழக்கு. ஒண்ணே ஒண்ணு, ஒன்பதாவது, கொஞ்சம் தெக்கால திரும்பி இருந்துச்சிங்க."

"ஒன்பதாவதுன்னா எப்பிடிச் சொல்றீங்க?"

"வண்டிய எறக்குன எடத்துலேர்ந்து எண்ணிக்கினு வந்தேன். ஒண்ணொண்ணும் எம்மாம் வெயிட்டுன்னு கையிக்குத் தெரியுமே. மொதக் கல்லு லேசு. நாலாவது ரெண்டு துண்டா இருந்துச்சி, முன்னமே ஒடைஞ்சது. ஏழாவது எழுந்துக்கவே இல்ல."

கேட்கக் கேட்க அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. எந்த வீட்டைச் சுற்றி உருண்டைக் கல் வட்டம் கட்டியிருந்தது, எந்த வீட்டுக்குள் கறுப்புப் பானை இருந்தது, எதில் வெறும் மண் நிரம்பியிருந்தது, எந்த மூடிக்கல் எவ்வளவு நீள அகலம், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் எத்தனை வண்டி நீளம். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு பென்சில் பிடித்ததில்லை. ஆனாலும் குழி வெட்டக் கோடு போடுகிற கை அது. தாளில் பதினொரு பெட்டிகள் தத்தம் இடத்தில் வந்து உட்கார்ந்தன. நடுவில் இரண்டு தடவை டீ வந்தது. பக்கத்துக் கடையிலிருந்து பரோட்டா வந்தது. வெயில் சாயும்வரை செந்தமிழ்ச்செல்வி கேட்டுக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தார். பாவாடை சொன்ன ஒரு வார்த்தையைக்கூட விடவில்லை. 'பானை அடியில் சாம்பல் மாதிரி ஏதோ' என்று சொன்னதைக்கூட, 'மாதிரி' என்ற சொல்லோடு எழுதிக்கொண்டார்.

கிளம்பும்போது, "இன்னும் எத்தினி இருக்கும் மேடம் மலையில?" என்று கேட்டார்.

"தெரியலண்ணா. யாரும் முழுசா நடந்து பாத்ததே இல்ல. நான் சனி ஞாயிறுல பஸ்ல போய்ப் பாக்கறேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கறதுலயே பாதி நாள் போயிடுது. புல்லு காஞ்சிருக்கற மூணு மாசத்துல ஒரு ஜீப்பு, தங்க ஒரு எடம், கூட நடக்க நாலு ஆளு இருந்தா ஊர் ஊரா முடிச்சிடலாம். ஒரு அறக்கட்டளைக்கு எழுதினேன், கோயில் இருந்தா சொல்லுங்கன்னாங்க. இன்னொரு எடத்துல அடுத்த வருஷம் பாக்கலாம்னு மூணு வருஷமா சொல்றாங்க."

பாவாடை புது வண்டிக்கு முன்பணம் கட்டச் சேர்த்து வைத்திருந்தார். பழையது எண்ணெய் குடிக்க ஆரம்பித்திருந்தது. பஸ்ஸில் திரும்பி வருகையில் அதைப் பற்றியேதான் நினைத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து காசியம்மாளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் யோசித்தார்.

"பொண்ணு ஷாலினிக்கு காலேஜு பீஸ் கட்டியாச்சி. புது வண்டி இன்னா ஓடியா பூடப்போவுது? இது இன்னும் ரெண்டு வருசம் ஓடும். குடு."

மறு ஞாயிற்றுக்கிழமை அவர் போய்ச் சொன்னதும் செந்தமிழ்ச்செல்வி ஒத்துக்கொள்ளவில்லை.

"இடிச்சதுக்கு அபராதம் கட்டறதா நெனச்சிக் குடுக்கறீங்கன்னா எனக்கு வேணாம்ணா. நீங்க ஏற்கெனவே குடுத்துட்டீங்க. அந்தத் தாள் போதும்."

பாவாடை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அபராதம் இல்லீங்க மேடம். எனக்கு அம்பது வயசாவுது. நான் சொன்னத ஒருத்தரு உக்காந்து கேட்டு எழுதுனது இதான் மொத தபா. வேல சொல்லுவாங்க, கூலி பேசுவாங்க. உனக்கு இன்னா தெரியும்னு யாரு கேட்டா? அன்னிக்கி வூட்டுக்குப் போவும்போது அம்மாம் சந்தோசமா போனேன். அதுக்குத்தான் குடுக்கறேன். நீங்க வாணாங்கக் கூடாது."

செந்தமிழ்ச்செல்வி வாங்கிக்கொண்டார். கல்லூரிக் கடிதம், வனத்துறை அனுமதி, தொல்லியல் அலுவலகத்துக்குத் தகவல் என்று எல்லாம் முறைப்படி முடிய ஒரு மாதம் ஆயிற்று. தை முடிகிற சமயத்தில் கள ஆய்வு தொடங்கியது. கரியாலூரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். வாடகை ஜீப்பைப் பாவாடையே ஓட்டினார். நடக்கிற நாலு பேரும் மலையிலேயே கூலிக்குப் போகிற பெண்கள். களை எடுக்கப் போகிறவர்கள் ஆகையால், ஒரே இடைவெளியில் வரிசை கட்டித் தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பது அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதாக இல்லை.

ஆய்வில் ஒரே ஒரு கட்டளைதான். எதையும் தோண்டக்கூடாது. பார்க்கலாம், அளக்கலாம், படம் எடுக்கலாம், எழுதலாம். வாழ்நாளெல்லாம் தோண்டியே பிழைத்த மனிதர், பானை ஓட்டின் விளிம்பு மண்ணில் தெரியும்போதெல்லாம் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்து அந்தப் பெண்கள் சிரித்தார்கள். "அண்ணனுக்குக் கையி அரிக்குது பாரு!" என்பார்கள். அவரும் சிரிப்பார்.

மூன்றாவது வாரம் சின்னப்பையனின் கொல்லைக்குப் போனார்கள். ஜீப்பைப் பார்த்ததுமே சின்னப்பையன் குறுக்கே வந்து நின்றார். கையில் அரிவாள் இருந்தது. மரவள்ளிக் குச்சி கழித்துக்கொண்டிருந்தவர், அப்படியே வந்துவிட்டார்.

"யாரும் உள்ள வரக்கூடாது. கல்லு இருந்த எடம்னு எழுதிக்கினு போவீங்க. நாளிக்கு கெவுருமெண்ட்டு வந்து வேலி போடும். பட்டாவுக்கே நாங்க எத்தினி வருசம் அலைஞ்சோம் தெரியுமா? நீயுமா பாவாடையண்ணே இவங்கள இட்டாந்த?"

பாவாடை ஜீப்பிலிருந்து இறங்கினார். "இடிச்சது நானு. அத எழுதிக் குடுத்துட்டேன். ஜேசிபி பாவாடை இடிச்சான்னு இருக்குது. உம் பேரு அதுல இல்ல."

சின்னப்பையன் செந்தமிழ்ச்செல்வியைப் பார்த்தார். அவர் பூசி மெழுகாமல் சொன்னார். "கவர்மெண்ட்டு நாளைக்கு என்ன செய்யும்னு நான் உத்தரவாதம் தர முடியாதுங்க. அப்பிடிச் சொன்னா அது பொய். ஆனா உங்க பேரையும் சர்வே நம்பரையும் உங்களக் கேக்காம போட மாட்டேன். வேணாம்னா இப்பவே திரும்பிப் போயிடறோம்."

சின்னப்பையனின் மனைவி சாமியம்மாள்தான் வீட்டுப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். "திரும்பிப் போறோம்னு சொல்றாங்களே, அப்பறம் இன்னா? நம்ம ஊத்துமேல மூடி வெச்சிருக்கோமே, அந்த ஓட்டக் கல்லக் காட்டு. பாத்துட்டுப் போவட்டும்."

கொல்லைக்குக் கீழே ஓடையோரம் ஒரு ஊற்று இருந்தது. ஆடுகள் விழாமலிருக்க அதன்மேல் ஒரு பலகைக் கல்லைப் போட்டிருந்தார்கள். கல்லின் நடுவே வட்டமான ஓட்டை. அதன் வழியாகத்தான் சாமியம்மாள் குடத்தை இறக்கித் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். பாவாடை பார்த்தவுடன் தெரிந்துகொண்டார். ஏழாவது வீட்டின் கல். அவர் அதன் முன்னால் குந்தி, விளிம்பைத் தடவிப் பார்த்தார். எட்டு வருடக் கயிறும் குடமும் உரசி ஒரு பக்கம் வழவழவென்று ஆகியிருந்தது. உடையவில்லை. எங்கும் விரிசல்கூட இல்லை.

"தொட்டியோட இதுவும் நொறுங்கிப் பூட்டுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன் மேடம்," என்றார். சாமியம்மாள் குடத்தை இறக்கித் தண்ணீர் மொண்டு அவரிடம் நீட்டினார். இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடித்தார்.

கல்லை அங்கேயே அளந்து, அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். சின்னப்பையனே மீதிக் கற்கள் கிடக்கிற இடத்தை ஒவ்வொன்றாகக் காட்டினார். பதினொன்றில் ஒன்பது மூடிக்கற்கள் கிடைத்தன. பாவாடையின் தாளில் இருந்த அளவுகளோடு அவை ஒத்துப்போயின. ஓரிரு விரற்கடைதான் வித்தியாசம்.

அன்றைக்குத்தான் பாவாடைக்கு ஒரு யோசனை தோன்றியது. மலையில் வண்டி ஓட்டியவர் அவர் ஒருவர்தானா? சங்கராபுரம், கள்ளக்குறிச்சி, அந்தப் பக்கம் ஆத்தூர் என்று தெரிந்த ஆபரேட்டர்களுக்கெல்லாம் போன் போட்டார். எடுத்த எடுப்பில் எல்லாரும், "இல்லண்ணே, நான் பாத்ததே இல்ல" என்றுதான் சொன்னார்கள். அந்தப் பதிலை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"நானும் அப்பிடித்தான் சொன்னேன் தம்பி. நானே பதினொண்ணு இடிச்சவன். பேர எழுத மாட்டாங்க. திட்ட மாட்டாங்க. வா, டீ குடிச்சிட்டுப் பேசலாம்."

ஒவ்வொருவராக வந்தார்கள். எட்டுப் பேர். ரோட்டுக்காக இரண்டு, தண்ணீர்த் தொட்டிக்காக ஐந்து, வெறும் கருங்கல்லுக்காக ஒரு மேடு முழுக்க என்று சொல்லச் சொல்ல, செந்தமிழ்ச்செல்வி தாள் விரித்து எழுதினார். ஒரு ஆள் சொல்லி முடித்துவிட்டு, "இத்தினி நாளு வவுத்துல கல்ல கட்டிக்கினு இருந்தாப்பல இருந்துச்சிண்ணே" என்று பாவாடையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சித்திரைக் கடைசியில் முதல் கோடைமழை பெய்து புல் துளிர்த்தபோது வேலையை முடித்தார்கள். பதினேழு ஊர்கள் நடந்திருந்தார்கள். நிற்கிற கல்வீடுகளும் கல்வட்டங்களுமாக இருநூற்று நாற்பதுக்கு மேல். அது ஆய்வறிக்கையின் முதல் பாகம். இரண்டாம் பாகத்துக்கு 'இல்லாமல் போனவை' என்று தலைப்பு. இருப்பதை மட்டும் எண்ணுகிறவர்களுக்கு எழுதக் கிடைக்காத பாகம் அது. அதன் முதல் படம் பாவாடை பென்சிலில் வரைந்த அந்தத் தாள்தான்.

மறு வருடம் புத்தகம் அச்சாகி வந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சின்னதாக ஒரு கூட்டம். பாவாடை கடைசி வரிசையில் காசியம்மாளோடு உட்கார்ந்திருந்தார். மலையில் கூட நடந்த நாலு பெண்களும் முன்வரிசையில் இருந்தார்கள். சின்னப்பையனும் சாமியம்மாளும் ஒரு பை நிறையச் சாமை அரிசியோடு வந்திருந்தார்கள். செந்தமிழ்ச்செல்வி பேசும்போது, இந்த ஆய்வுக்கு நிதி கொடுத்தவர் என்று பாவாடையின் பெயரைச் சொன்னார். பிறகு, "நிதி மட்டும் இல்லைங்க. புத்தகத்துல பாதி இவருடையது" என்று சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார்.

காசியம்மாள் முழங்கையால் இடித்த பிறகுதான் எழுந்தார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மேடமுக்கு ரொம்ப நன்றிங்க. இடிச்சவன்கிட்டயும் ஒரு வார்த்த கேக்கலாம்னு அவங்களுக்குத் தோணுச்சி. சின்னப்பையன் கொல்லைக்குள்ள வுட்டாரு, அவருக்கும் நன்றி. எங்க வூட்டுலதான் போயி சொல்லுன்னு அனுப்புனாங்க. அவ்ளோதாங்க." சட்டென்று இறங்கி வந்துவிட்டார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவருக்கு வியர்த்துப்போயிருந்தது. காசியம்மாள் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டார். இருபத்தைந்து வருடத்தில் நாலு பேர் முன்னால் அப்படிச் செய்தது அன்றைக்குத்தான்.

புது வண்டி இன்னும் வாங்கவில்லை. பழையதையே எஞ்சின் பிரித்துப் பூட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார். போன ஆடியில் வெற்றிசெல்வன் என்ற ஆபரேட்டர் மலைமேலிருந்து போன் செய்தார்.

"அண்ணே, வூட்டுக்கு வழி போட வந்தேன். ரெண்டு பலகக் கல்லு நிக்குது. ஓனரு சீக்கிரம் முடின்னு நிக்கிறாரு. இன்னா பண்ணட்டும்?"

"வண்டிய ஆஃப் பண்ணு. ஓனருகிட்ட போனக் குடு," என்றார் பாவாடை.

அரை மணி நேரம் பேசினார். மறுநாள் வாடகை ஜீப்பில் செந்தமிழ்ச்செல்வியையும் அழைத்துக்கொண்டு நேரிலும் போனார். நில உடைமைக்காரர் முதலில் முணுமுணுத்தார், பிறகு கல்லைச் சுற்றிப் பார்த்தார், பிறகு வழியைப் பத்தடி தள்ளிப் போட்டுக்கொள்ளச் சம்மதித்தார். பத்தடி கூடுதலாக வெட்டுகிற வேலையை வெற்றிசெல்வன் கூலி வாங்காமல் செய்து கொடுத்தார். பாவாடை அவருக்கும் நன்றி சொன்னார், நில உடைமைக்காரருக்கும் சொன்னார். மழை வருகிற மாதிரி இருந்ததால், மேடம் நனையாமல் மலை இறங்கிவிட வேண்டும் என்று ஜீப்பை வேகமாகக் கிளப்பினார்.